அம்மாவுக்காக ஊரில் இருந்த நாட்கள் கணக்கில் சேருமா?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பிறந்து வளர்ந்த நான், 2021 மார்ச் 22 முதல் இங்கிலாந்தில் நர்ஸாக வேலை செய்கிறேன். வரும் மார்ச்சில் ஐந்தாண்டு நிறைவதால் நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்க இருக்கிறேன். பிரசவ விடுப்பில் கைக்குழந்தையோடு 2022 அக்டோபர் 20 அன்று புறப்பட்டு ஊருக்கு வந்து, 2023 ஜனவரி 15 அன்று திரும்பினேன். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து கோயம்புத்தூரில் தீவிர சிகிச்சையில் இருந்ததால், 2023 ஏப்ரல் 10 அன்று மீண்டும் புறப்பட்டேன். ஜூலை 18 அன்று அம்மா தவறிவிட்டார். பதினாறாம் நாள் காரியம் முடித்து ஆகஸ்ட் 5 அன்று இங்கு வந்து சேர்ந்தேன். ஆண்டுக்கு 180 நாட்களைத் தாண்டாததால் பயமில்லை என்று பாலக்காட்டு ஏஜென்ட் சொல்கிறார். உடன் வேலை செய்யும் தோழி, தாண்டிவிட்டது என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் அம்மாவின் மறைவுக்கு முதலில் என் ஆழ்ந்த அனுதாபம். கணக்கில் உங்கள் தோழி சொல்வதே சரி. ஆனாலும் நீங்கள் இடிந்துபோக வேண்டியதில்லை.

ஏஜென்ட் ஜனவரி முதல் டிசம்பர் வரை எண்ணியிருக்கிறார். அப்படிப் பார்த்தால் 2022-இல் 72 நாட்கள், 2023-இல் 130 நாட்கள். இரண்டும் 180-க்குள் அடங்கிவிடுகின்றன. இங்கிலாந்தின் விதியோ, தகுதிக்காலமான அந்த ஐந்தாண்டுக்குள் எந்த 12 மாதங்களை எடுத்துக்கொண்டாலும் வெளிநாட்டில் இருந்த நாட்கள் 180-ஐத் தாண்டக் கூடாது என்கிறது. புறப்பட்ட நாளும் வந்து சேர்ந்த நாளும் முழு நாட்கள் அல்ல என்பதால் அவற்றை விட்டுவிடலாம். விட்டுவிட்டு எண்ணினால் முதல் பயணத்தில் 86, இரண்டாம் பயணத்தில் 116. 2022 ஆகஸ்ட் 5 முதல் 2023 ஆகஸ்ட் 4 வரையிலான ஓராண்டுக்குள் இரண்டும் விழுவதால் மொத்தம் 202 ஆகிறது, அதாவது 22 நாட்கள் அதிகம். இந்த நகரும் கணக்கு 2018 ஜனவரி 11 முதல் வழங்கப்பட்ட விசாக்களுக்குப் பொருந்தும். உங்கள் விசா அதற்குப் பிந்தையது.

பிரசவ விடுப்பு இதில் உங்களுக்குக் கைகொடுக்காது. சம்பளமில்லா விடுப்பு ஓராண்டில் நான்கு வாரங்களைத் தாண்டினால் ஸ்பான்சர் செய்வதை நிறுவனம் நிறுத்த வேண்டும் என்ற விதியிலிருந்து பிரசவ விடுப்புக்கு விலக்கு உண்டு; ஆனால் அந்த விடுப்பை ஊரில் கழித்தால், கழித்த நாட்கள் வெளிநாட்டு நாட்களாகவே எண்ணப்படும். பிள்ளை பெற்றவள் தாய்வீட்டில் சில மாதம் இருப்பது நம் பக்கத்து வழக்கம் என்பதாலேயே நம் பெண்கள் பலர் இந்த இடத்தில் தவறிவிடுகிறார்கள் என்று வருத்தத்தோடு சொல்கிறேன். டிக்கெட் எடுக்கும் முன்பே, ஊரிலிருந்து திரும்பும் நாளுக்கு முந்தைய 12 மாதங்களை ஒருமுறை எண்ணிப் பார்த்துவிடுவது நல்லது.

உங்களுக்குக் கைகொடுக்கக்கூடியது இரண்டாம் பயணம். நெருங்கிய உறவினரின் உயிருக்கு ஆபத்தான நோய் அல்லது மரணம் போன்ற கட்டாயமான காரணத்தால் வெளிநாட்டில் இருந்த காலத்தை 180 நாள் கணக்கில் சேர்ப்பதில்லை என்று விதியிலேயே இருக்கிறது. அந்த 116 நாட்களையும் அதிகாரி ஏற்றுக்கொண்டால் மீதி 86 மட்டுமே. ஒரு பகுதியை மட்டும் ஏற்றாலும், 22 நாட்கள் கழிந்தாலே உங்களுக்குப் போதும். இதைக் கேட்டுப் பெற வேண்டியவர் நீங்கள்தான். பயண நாட்களை மட்டும் நிரப்பி அனுப்பினால் காரணத்தை யாரும் ஊகித்துக்கொள்ள மாட்டார்கள். எனவே ஏப்ரல் 10 முதல் ஆகஸ்ட் 5 வரை என்ன நடந்தது என்பதைத் தேதிவாரியாக, காரியம் முடியும்வரை இருந்ததன் அவசியத்தையும் சேர்த்து, ஒரு கடிதமாக எழுதி இணையுங்கள்.

கடிதத்தைத் தாங்க ஆவணங்கள் வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்த தேதியும் நோயின் பெயரும் தெரியும் மருத்துவமனைத் தாள்கள், இறப்புச் சான்றிதழ், உங்கள் விடுப்பை அனுமதித்த நிறுவனத்தின் கடிதம் ஆகியவை முக்கியமானவை. மலையாளத்திலோ தமிழிலோ மட்டும் உள்ள தாளுக்குச் சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு தேவைப்படும். இறந்தவர் உங்கள் தாய்தான் என்பதற்கு, பெற்றோர் பெயர் அச்சிட்ட உங்கள் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கமே நல்ல சான்று. ஆனால் அங்கே ருக்மணி என்றும் இறப்புச் சான்றிதழில் ருக்குமணி என்றும், ஓரிடத்தில் இனிஷியல் முன்னாலும் இன்னோரிடத்தில் பின்னாலுமாக இருப்பதை நம் எல்லைப்புறத்து வீடுகளில் சாதாரணமாகப் பார்க்கலாம். பெயர் தமிழிலிருந்து மலையாளத்துக்கும் அங்கிருந்து ஆங்கிலத்துக்கும் போகும்போது இப்படி மாறிவிடுகிறது. உங்கள் தாள்களிலும் அப்படி இருந்தால், இரண்டு பெயரும் ஒருவருடையதே என்ற சான்றிதழை அக்ஷயா மையம் (கேரள அரசின் இ-சேவை மையம்) வழியாக வில்லேஜ் ஆபீஸில் இப்போதே கேட்டு வாங்கச் சொல்லி வீட்டாரிடம் சொல்லுங்கள்.

ஐந்தாண்டு நிறைவதற்கு 28 நாட்கள் முன்பே விண்ணப்பிக்கலாம் என்பதால், வந்து இறங்கிய நாளை வைத்துப் பார்த்தால் உங்களுக்குப் பிப்ரவரி 22 முதல் வழி திறக்கிறது. இந்த ஐந்தாண்டைப் பத்தாண்டாக உயர்த்தும் யோசனையை அந்நாட்டு அரசு 2025 மே மாத வெள்ளை அறிக்கையில் முன்வைத்திருப்பதால், நாளைத் தள்ளிப்போடாதீர்கள். விண்ணப்பிக்கும் நாளில் நடப்பிலுள்ள விதியையும் ஒருமுறை படித்துவிடுங்கள். கட்டணம் 2025 ஏப்ரல் நிலவரப்படி 3,029 பவுண்டு, நிராகரித்தால் திரும்பாது. ஆகவே அங்கேயே பதிவு பெற்ற குடியேற்ற ஆலோசகர் ஒருவரிடம் கடிதத்தைக் காட்டிவிட்டு அனுப்புவது நல்லது. விலக்கு மறுக்கப்பட்டாலும், 2023 ஜனவரி 15 அன்று திரும்பியதிலிருந்து புதிதாக ஐந்தாண்டை எண்ணினால் இரண்டாம் பயணத்தின் 116 நாட்கள் மட்டுமே வரும். அப்போது 2028 ஜனவரி வரை விசாவைத் தக்கவைத்துக் காத்திருக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: மூணாறில் எஸ்டேட் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். என் மகன் கனடாவில் பி.ஆர். (நிரந்தரக் குடியிருப்பு) பெற்று 2022 ஜூன் 1 அன்று அங்கே இறங்கினான். 2023 ஜூன் 30 அன்று ஊர் திரும்பி, வீடு கட்டும் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். இனி எவ்வளவு காலம் இங்கே இருக்கலாம்?

பதில்: கனடாவின் கணக்கு வேறு. அங்கே ஐந்தாண்டில் 730 நாட்கள் நாட்டுக்குள் இருந்தாக வேண்டும்; அவை தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. உங்கள் மகன் இருந்தது 395 நாட்கள், இன்னும் வேண்டியது 335. அவருடைய முதல் ஐந்தாண்டு 2027 மே 31 அன்று முடிவதால், 2026 ஜூலை 1 அன்றாவது அவர் கனடாவில் இருக்க வேண்டும். அதன்பின் மே முடியும்வரை ஒருநாள்கூட வெளியே வர முடியாது. கடைசி நாள்வரை இழுக்காமல் ஏப்ரலிலேயே போனால், இடையில் உங்களுக்கு உடம்பு சரியில்லை என்றாலும் இரண்டு மாதம் வந்து பார்த்துப்போக அவருக்கு இடமிருக்கும். மீதி வீட்டு வேலையை மேஸ்திரியிடம் ஒப்படைத்துவிட்டு அவரை அனுப்பி வையுங்கள்.