பல்லின் சொரசொரப்பை அளப்பது: சில கேள்விகள், பதில்கள்

கேள்வி: பாலிஷ் செய்த ஒரே பல்லுக்கு ஊசிக் கருவி 0.15 மைக்ரான் காட்டுகிறது, ஒளிக் கருவி 0.3 காட்டுகிறது. எது சரி சார்?

பதில்: அவசரப்பட்டு எதையும் நம்ப வேண்டாம். ஊசி முனையின் ஆரம் வழக்கமாக 2 அல்லது 5 மைக்ரான். அதைவிடக் குறுகலான பள்ளத்தில் முனை இறங்காது, மேலாகவே தாண்டிப் போகும். அதனால் பல் இருப்பதைவிட வழவழப்பாகத் தெரியும். ஒளிக் கருவியில் வேறு தொல்லை. எனாமல் வெளிச்சத்தை ஓரளவு உள்ளே விடும் என்பதால், அடியிலிருந்து திரும்பும் ஒளியும் கலந்து, இல்லாத முட்களெல்லாம் படத்தில் முளைக்கும். மெல்லிய தங்கப் பூச்சு கொடுத்து மறுபடி அளந்து பாருங்கள். பல்லின் மேல் பூசக்கூடாது என்றால் சிலிக்கோன் அச்செடுத்து, எபாக்சி வார்ப்பை அளக்கலாம். அச்சில் காற்றுக்குமிழி இருந்தால் அதுவும் மேடாகப் பதியும், கவனம்.

கேள்வி: கருவியில் கட்-ஆஃப் 0.8 மி.மீ. என்று இருக்கிறது. அப்படியே விடலாமா?

பதில்: கட்-ஆஃப் என்பது நுண்ணிய சொரசொரப்பையும் அகன்ற அலைவுகளையும் பிரிக்கும் நீளம். ஆர்ஏ (Ra, ஒரு கோட்டின் வழியே எடுக்கும் சராசரிச் சொரசொரப்பு) 0.1 முதல் 2 மைக்ரான் வரை இருந்தால் விதிப்படி 0.8 தான். ஆனால் கட்-ஆஃபைப் போல ஐந்து மடங்கு, அதாவது 4 மி.மீ. நீளம் அளக்க வேண்டுமே, பல்லில் அவ்வளவு சமதளம் எங்கே கிடைக்கும்? 0.25 வைத்தால் 1.25 மி.மீ. போதும். மாற்றியதை அறிக்கையில் எழுதிவிடுங்கள். கட்-ஆஃப் சொல்லாத ஆர்ஏ எண்ணை நான் படிப்பதே இல்லை. அப்புறம், பல்லின் வளைவைக் கழித்த பிறகே கணக்கிடுங்கள்.

கேள்வி: ஆர்ஏ 0.2க்குக் கீழே கொண்டுவரப் பாடுபடுகிறேன். பலன் உண்டா?

பதில்: பாக்டீரியா ஒட்டுவதைக் குறைக்கத்தான் என்றால் பெரிய பலன் இல்லை. 0.2ஐத் தாண்டி மேலே போகப் போகப் பாக்டீரியாப் படலம் கூடும், அதற்குக் கீழே மேற்கொண்டு குறைவதில்லை என்று போலன் குழுவினர் 1997இல் எழுதினார்கள். பளபளப்புக்காக என்றால் அது வேறு விஷயம்.

கேள்வி: அப்படியானால் இம்ப்ளான்ட்டை (எலும்பில் திருகும் செயற்கைப் பல்வேர்) மட்டும் ஏன் வேண்டுமென்றே சொரசொரப்பாக்குகிறார்கள்?

பதில்: எலும்புக்காக. ஆல்பிரெக்ட்சனும் வென்னர்பெர்கும் 2004இல் சொன்ன பிரிவுப்படி, எஸ்ஏ (Sa, கோட்டில் அல்லாமல் பரப்பில் எடுக்கும் சராசரிச் சொரசொரப்பு) 0.5 மைக்ரானுக்குக் கீழே வழவழப்பு, 1 வரை லேசான சொரசொரப்பு, 1 முதல் 2 வரை மிதமானது, அதற்கு மேல் அதிகம். மிதமானதில்தான் எலும்பு நன்றாகப் பிடிக்கிறது. ஈறைத் தொடும் பகுதியோ வழவழப்பாக இருக்க வேண்டும். எலும்பு தேய்ந்து இம்ப்ளான்ட்டின் திருகு மரைகள் வெளியே தெரிந்தால், எலும்புக்கென்று செய்த அதே சொரசொரப்பில் பாக்டீரியாப் படலம் குடியேறிவிடும்.

கேள்வி: மரையில் எந்த இடத்தை அளப்பது?

பதில்: முகடு, சரிவு, பள்ளம் மூன்றையும், ஒவ்வொன்றிலும் மூன்று இடங்களில். துகள் வீசிச் சொரசொரப்பாக்கும்போது எல்லா இடத்திலும் ஒரே கோணத்தில் படாது. முகட்டில் மட்டும் எடுத்த எண் முகட்டுக்கு மட்டுமே பொருந்தும். ஊசிக் கருவியோடு இங்கே போராட வேண்டாம், ஒளிக் கருவிதான் சரிப்படும்.

கேள்வி: இரண்டு மாதிரிகளுக்கும் ஆர்ஏ ஒன்றுதான். எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்திலோ சம்பந்தமே இல்லை!

பதில்: இருக்கலாம். சராசரிக் கோட்டிலிருந்து விலகல் எவ்வளவு என்றுதான் ஆர்ஏ பார்க்கும், மேலேயா கீழேயா என்று பார்க்காது. கூர்மையான முகடுகளும் ஆழமான கீறல்களும் ஒரே எண்ணைத் தரக்கூடும். எஸ்எஸ்கே (Ssk, மேடா பள்ளமா எது ஓங்குகிறது என்று காட்டும் எண்) மதிப்பைச் சேர்த்துப் போடுங்கள்: முகடுகள் ஓங்கினால் அது நேர்க்குறியில் வரும், பள்ளங்கள் ஓங்கினால் எதிர்க்குறியில்.