டக் ஸ்டாம்ப்: பசையில் இருக்கிறது விலை

கே: அமெரிக்க டக் ஸ்டாம்பைக் கவரில் ஒட்டித் தபாலில் போடலாமா?

போட முடியாது. பேரில்தான் ஸ்டாம்ப், விஷயத்தில் நம்ம ஊர் ரெவின்யூ ஸ்டாம்புக்குத்தான் பக்கம். இது வாத்து வேட்டைக்கான அரசு அனுமதி வில்லை: 16 வயதோ அதற்கு மேலோ ஆன வேட்டைக்காரர் ஒவ்வொரு சீசனுக்கும் புதிதாக வாங்க வேண்டும்; காகித ஸ்டாம்ப் என்றால் முகப்பில் மையால் கையெழுத்துப் போட்டு வைத்திருக்க வேண்டும். 1934-ல் 1 டாலர், இப்போது 25. டாலருக்கு 98 சென்ட் ஈரநிலம் வாங்கிக் காக்கப் போகிறது.

கே: வருஷா வருஷம் புதிதாக வாங்கிப் போட்டால் லாபம் வருமா?

ஆசைக்கு வாங்குங்கள், காசுக்கு வேண்டாம். 1991 முதல் 2014 வரை விலை 15 டாலர். அவற்றைப் பத்திரமாக வைத்திருந்தவர்களும் ஏராளம். அதனால் விற்கப் போனால் வியாபாரி அச்சிட்ட விலைக்குக் கீழேதான் கேட்பார். தபாலுக்காவது பயன்படுத்தித் தீர்க்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை.

கே: 1934 ஸ்டாம்ப், பசையோடு, ஹிஞ்ச் (ஆல்பத்தில் ஒட்டப் பயன்படும் சின்னக் காகிதத் துண்டு) தடமே இல்லை என்று ஒருவர் தருகிறார். எப்படிப் பார்ப்பது?

கார்ட்டூனிஸ்ட் ‘டிங்’ டார்லிங் வரைந்த இரண்டு மல்லார்டு வாத்துகள் இறங்கும் படம் அது. முன்பக்கத்தை ரசித்துவிட்டு உடனே திருப்பிப் போடுங்கள். விலை பின்பக்கத்தில் இருக்கிறது. பழைய பசை போனதையோ, ஹிஞ்ச் ஒட்டிய தடம் உள்ளதையோ கழுவிப் புதுப்பசை தடவி விற்பது பழைய வேலை.

10 மடங்கு லென்ஸ் எடுத்து ஓரத்துப் பற்களைப் பாருங்கள். அச்சகத்தில் பசை தடவிய பிறகே துளையிடுவார்கள். ஆகவே தாளைக் கிழித்த இடத்தில் பல் நுனியின் நார் மென்மையாக, பஞ்சு போலப் பிசிறி நிற்கும். பிறகு தடவிய பசை அந்த நார்களுக்குள் இறங்கி, நுனியை விறைப்பாக்கிவிடும். விரலை லேசாக ஓட்டினாலே சொரசொரவென்று தெரியும்.

அடுத்து புற ஊதா விளக்கு. கையெழுத்தை அழித்துவிட்டு ‘புதுசு’ என்று விற்பதும் உண்டு. கண்ணுக்குத் தெரியாத மைத்தடம் அந்த வெளிச்சத்தில் தெரியலாம். இரண்டிலும் தேறினாலும், நிபுணர் குழுச் சான்றிதழ் இல்லாமல் இந்த ரகத்துக்குப் பெரிய பணம் கொடுக்காதீர்கள்.

கே: பழைய வேட்டை லைசென்ஸில் ஒட்டியிருப்பதை ஊறவைத்து எடுக்கலாமா?

தொடாதீர்கள். லைசென்ஸோடு சேர்த்து வாங்குபவர்களே தனியாக இருக்கிறார்கள். ஊறவைத்தால் கையெழுத்து மை கரையலாம். 1954 முதல் பின்பக்க வாசகத்தைப் பசையின் மேலேயே அச்சடித்தார்கள். தண்ணீரில் பசையோடு அதுவும் போய்விடும்.

கே: கையில் காசு குறைவு. எதில் தொடங்குவது?

கையெழுத்துப் போட்டவற்றில். சுத்தமான பிரதியைவிட மிக மலிவு. அடுக்கினால் வரிசையும் சீக்கிரம் சேரும். 1959-ஐ விடாதீர்கள்: மேனார்டு ரீஸ் வரைந்த ‘கிங் பக்’ என்ற லாப்ரடார், வாயில் மல்லார்டோடு நிற்கிறது. வாத்துக்கான ஸ்டாம்பில் நாய் கதாநாயகன்!

கே: ஆல்பத்தில் எப்படி வைப்பது?

பசையுள்ளதற்கு ஹிஞ்ச் கூடாது, மவுண்ட்தான் (ஸ்டாம்பை ஒட்டாமல் செருகி வைக்கும் ஒளிபுகும் உறை). ஈரக்காற்றுள்ள ஊரில் பசை தாளோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால் ஆல்பத்தை நிமிர்த்தி வையுங்கள். மேலே எடை வேண்டாம். 1998 முதல் வந்த தானே ஒட்டும் ரகத்தை அட்டையிலிருந்து உரிக்காமல் முழுசாக வைத்திருங்கள்.