இரண்டு மேசையில் ஒரே சீட்டு வந்தால் சந்தேகப்படலாமா?

கேள்வி: வேலை முடிந்து வந்து இரவில் ஆன்லைன் போக்கர் (கையில் இரண்டு சீட்டு தரும் ஹோல்டெம் வகை) ஆடுகிறேன், நான்கு மேசைகளில் ஒரே நேரத்தில். போன வாரம் இரண்டு மேசையிலும் ஒரே சமயத்தில் இஸ்பேட் கிங்கும் ஆர்ட்டின் ஜாக்கும் வந்தன. நிறம் (இஸ்பேட், ஆர்ட்டின் போன்ற வகை) மாறி, கிங்-ஜாக், ஏஸ்-ஒன்பது என்று ஒத்துப்போவது தினமும் நடக்கிறது. சீட்டைக் கலைப்பதில் கோளாறா? ஒரு மேசையில் ஜெயித்த கையை அடுத்த மேசையில் துணிந்து ஆடலாமா? - லண்டன் வாசகர்

பதில்: இரண்டாவது கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் பணம் போவது அங்கேதான். ஆடக் கூடாது. ஒவ்வொரு மேசைக்கும் தனிக் கட்டு, தனிக் கலைப்பு. முதல் மேசையில் கிங்-ஜாக் ஜெயித்ததால் இரண்டாம் மேசை கிங்-ஜாக்கின் பலம் இம்மியும் கூடுவதில்லை. அங்கே எதிரே இருப்பவர் யார், உங்களுக்கு முன்னால் பந்தயத்தை ஏற்றியவர் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பார்த்துத்தான் ஃபோல்ட் செய்வதா (சீட்டைப் போட்டுவிட்டு விலகுவதா), ஏற்றுவதா என்று முடிவெடுக்க வேண்டும்.

இனி கணக்குக்கு வருவோம். 52 சீட்டில் இரண்டை 1,326 விதமாக எடுக்கலாம். ஆகவே குறிப்பிட்ட இரண்டு மேசைகளில் அச்சு அசலாக அதே இரண்டு சீட்டு வர 1,326-இல் ஒரு வாய்ப்பு. அபூர்வம் என்று தோன்றுகிறதா? ஆனால் நீங்கள் நான்கு மேசை ஆடுகிறீர்கள். நான்கு மேசையை இரண்டிரண்டாகச் சேர்த்தால் ஆறு ஜோடி. அப்போது வாய்ப்பு 221-இல் ஒன்றாகிவிடுகிறது. ஒரு மேசையில் உங்களுக்கு ஏஸ் ஜோடி வரும் வாய்ப்பும் இதே 221-இல் ஒன்றுதான். ஏஸ் ஜோடி வந்தால் சந்தோஷப்படுகிறோம், யாரும் சந்தேகப்படுவதில்லை.

எந்த நிறம் என்பதை விட்டுவிட்டு மதிப்பைப் பார்த்தால் இன்னும் சாதாரணம். இரண்டு சீட்டும் ஒரே நிறமா, வேறு நிறமா என்பதை மட்டும் பிரித்துக் கணக்கிட்டால் மொத்தம் 169 வகைக் கைகள். இரண்டு மேசையில் ஒரே வகை வர ஏறக்குறைய 136-இல் ஒரு வாய்ப்பு. நான்கு மேசைக்கு அது 23 சுற்றுக்கு ஒருமுறை. மணிக்கு 75 சுற்று என்று வைத்தால், ஒரு மணி நேரத்தில் சராசரியாக மூன்று தடவை இப்படி ஒத்துப்போக வேண்டும். நடக்காமல் இருந்தால்தான் நான் புருவத்தை உயர்த்துவேன். எட்டு மேசைக்குப் போனால் ஜோடிகள் 28, அப்போது ஐந்து சுற்றுக்கு ஒன்று. மேசையை இரட்டிப்பாக்கினால் தற்செயல்கள் நான்கு மடங்குக்கும் மேல் பெருகும்.

இதோடு, பார்த்தபிறகு "ஆகா" என்று சொல்லும் விஷயங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: இரண்டு மேசையிலும் ஒரே ஃப்ளாப் (நடுவில் முதலில் விரியும் மூன்று பொதுச் சீட்டு) மாதிரி, ஃபோல்ட் செய்த ஏழு-இரண்டுக்கு அடுத்து ஏழு விழுவது, மூன்று மேசையிலும் ஜோடி. முன்கூட்டியே ஒன்றைத் தீர்மானித்து எண்ணாதவரை இவை எதற்கும் சாட்சியாகாது.

கோளாறே வராது என்று நான் சொல்லவில்லை. வந்திருக்கிறது. 1999-இல் பிளானட் போக்கர் உள்ளிட்ட தளங்கள் பயன்படுத்திய ஏஎஸ்எஃப் சாஃப்ட்வேர் நிறுவன நிரலின் கலைப்பு முறையை, ரிலையபிள் சாஃப்ட்வேர் டெக்னாலஜீஸ் நிறுவனப் பொறியாளர்கள் உடைத்துக் காட்டினார்கள். நள்ளிரவிலிருந்து கழிந்த மில்லி விநாடிகளை வைத்துத்தான் அந்த நிரல் கலைக்கத் தொடங்கியது. ஒரு நாளில் 8 கோடியே 64 லட்சம் மில்லி விநாடிகள்தான் உண்டு. ஆகவே கட்டும் அத்தனை விதமாகத்தான் கலையும். தளத்தின் கடிகாரத்தோடு தங்கள் கடிகாரத்தைப் பொருத்திவைத்து அந்த எண்ணிக்கையைச் சுமார் 2 லட்சமாகக் குறைத்தார்கள். கையிலிருக்கும் இரண்டு, ஃப்ளாப்பின் மூன்று என்று ஐந்து சீட்டு தெரிந்தால் போதும், எல்லோர் கையும் வரப்போகும் சீட்டும் திரையில் தெரிந்தன.

இதிலிருந்து உங்களுக்கு ஒரு நல்ல சோதனை கிடைக்கிறது. கலைப்பைத் தொடங்கும் எண் இரண்டு மேசைக்கும் ஒன்றாகவே போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது கட்டு முழுவதும் ஒன்றாக இருக்கும். இரண்டு மேசையிலும் ஆட்களின் எண்ணிக்கை சமமாக இருந்தால் ஃப்ளாப்பும் அதற்கடுத்த சீட்டுகளும் ஒத்துப்போகும். ஆகவே கையை விட்டுவிட்டு நடுவில் விரியும் சீட்டுகளைப் பாருங்கள். அதே கிங்-ஜாக் வந்த இரண்டு மேசையிலும் ஃப்ளாப்பின் மூன்று சீட்டும் நிறம் உட்பட அதுவேதானா? குறிப்பிட்ட இரண்டு மேசையில் அப்படித் தற்செயலாக நடக்க சுமார் 2.6 கோடியில் ஒரு வாய்ப்புதான். ஒரே மாதத்தில் இரண்டு முறை அதைக் கண்டால் எனக்கும் எழுதுங்கள்.

இன்னொரு வகை ஏமாற்று வேறுவிதமாகப் பிடிபட்டிருக்கிறது. 2007-இல் அப்சல்யூட் போக்கர் என்ற தளத்தில் ஒரு கணக்குக்கு மற்றவர்களின் சீட்டு தெரிந்திருந்தது. போட்டியில் இரண்டாம் இடம் வந்தவர் தன் ஆட்டப் பதிவைக் கேட்க, எல்லோருடைய சீட்டும் அடங்கிய கோப்பே அவருக்குப் போய்விட்டது. அதை ஒவ்வொரு கையாக அலசித்தான் மோசடி அம்பலமானது. பதிவுதான் ஆயுதம்.

ஆகவே ஆட்டப் பதிவுகளைத் தினமும் சேமியுங்கள். போக்கர் டிராக்கர் போன்ற மென்பொருள் அதற்கு உதவும். இன்றே ஒரு தாளில் எழுதிவையுங்கள்: "அடுத்த 10,000 கைகளில் எத்தனை தடவை ஜோடி (கையில் ஒரே மதிப்புள்ள இரண்டு சீட்டு) வருகிறது?" 588 வரவேண்டும். 541 முதல் 635 வரை எது வந்தாலும் இயல்பு. அதற்கு மிகவும் வெளியே போனால் அடுத்த 10,000-ஐயும் எண்ணுங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் கைகளின் வரிசை எண்களோடு தளத்துக்குப் புகார் எழுதுங்கள். பிரிட்டனில் உரிமம் பெற்ற தளத்துக்கு எட்டு வாரம் அவகாசம். தீராவிட்டால் அவர்கள் குறிப்பிடும் சுயேச்சையான தகராறு தீர்வு அமைப்புக்குப் போகலாம், கட்டணம் கிடையாது.

இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு: 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்துள்ளது, போக்கரும் அதில் அடக்கம்.

எண்ணி முடிக்கும்வரை, நண்பரே, இரண்டு மேசைக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். நான்கு மேசையில் எந்தக் கை எங்கே என்று கண் தடுமாறும்போது தவறான பொத்தானை அழுத்திப் போகும் பணம், எந்தக் கலைப்புக் கோளாறாலும் போகக்கூடியதைவிட அதிகம்.