மார்கழியில் பீரோவைத் திறந்தால்: பட்டில் பூஞ்சை, ஸ்வெட்டரில் ஓட்டை

கேள்வி: கச்சேரிக்குக் கட்டிக்கொண்டு போகலாம் என்று காஞ்சிபுரம் பட்டுப்புடவையை எடுத்தேன். மடிப்பு நெடுக வெள்ளைப் புள்ளிகள். ஜரிகையும் கறுத்திருக்கிறது. அரையாண்டு விடுமுறையில் ஊட்டி போக எடுத்து வைத்த ஸ்வெட்டர்களில் ஒன்றில் ஓட்டை. மற்றவற்றில் அந்துருண்டை நெடி தாங்க முடியவில்லை. அந்துருண்டை போட்டும் ஏன் இப்படி? இப்போது என்ன செய்யலாம்? (வாசகி, சென்னை)

பதில்: அந்துருண்டை பூச்சிக்கான மருந்து. பூஞ்சையை அது தடுக்காது. பூஞ்சைக்கு வேண்டியது ஈரம்தான். காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டிச் சில நாள் நீடித்தாலே போதும், துணியில் தங்கிய வியர்வையையும் எண்ணெய்ப் பிசுக்கையும் கஞ்சியையும் தின்று வளர்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னை வீடுகளில் அந்த ஈரம் வாரக்கணக்கில் நிற்கிறது. மழை ஊறிய வெளிச்சுவரை ஒட்டி இரும்பு பீரோ நின்றால் இன்னும் மோசம். அதன் முதுகுத் தகடு இரவில் குளிர்ந்து, உள்ளே வியர்க்கும்.

புடவையை முதலில் பாருங்கள். ஈரத்துணியால் துடைக்க வேண்டாம், பூஞ்சை நூலுக்குள் இறங்கிவிடும். இஸ்திரியும் இப்போதைக்குக் கூடாது. சூட்டில் கறை இறுகிப் பிடித்துக்கொள்ளும். மொட்டை மாடியிலோ பால்கனியிலோ நிழலான இடத்தில், மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, புடவையை முழுவதும் பிரித்துப் போடுங்கள். இரண்டு மூன்று மணி நேரம் காய்ந்தபின், மிருதுவான பிரஷ்ஷால் நூல் ஓடும் திசையிலேயே, தட்டாமல், லேசாகத் தள்ளி எடுங்கள். வீட்டுக்குள் செய்தால் அந்தத் தூள் மற்ற துணிகளில் போய் உட்காரும்.

நேரமும் முக்கியம். விடியற்காலை வெயில் இதமாக இருக்கிறதே என்று பலரும் அப்போதுதான் துணியைப் பரப்புகிறார்கள். மார்கழியில் பனி இறங்கும் வேளையில் காற்றில் ஈரம் மிக அதிகம். காலை 11 மணியிலிருந்து மாலை 3 மணிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பட்டுக்கு நேர் வெயில் ஆகாது. சாயம் வெளுப்பதோடு இழையும் நைந்துபோகும்.

வெள்ளைப் புள்ளிகள் இப்படிப் போய்விடும். பழுப்பாக மாறிவிட்ட புள்ளிகள் வீட்டு வைத்தியத்துக்கு அடங்காது. பட்டுச் சலவையில் அனுபவமுள்ள டிரை கிளீனரிடம் புள்ளிகளைக் காட்டிச் சொல்லிக் கொடுங்கள். குளோரின் பிளீச்சை மட்டும் ஒரு சொட்டுக்கூடத் தொடவிடாதீர்கள். பட்டும் கம்பளியும் புரத இழைகள், பிளீச் அவற்றைக் கரைத்தே விடும். வாஷிங் பவுடரும் அதே காரணத்தால் ஆகாது. அதன் காரம் இழையைச் சிதைக்கும். கறை நீக்கச் சேர்க்கும் சில நொதிகள் புரதத்தையே உடைப்பவை.

ஜரிகை கறுப்பது வேறு கதை. அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளி இழை சுற்றித் தங்க முலாம் பூசியது. காற்றில் இருக்கும் கந்தகச் சேர்மங்கள் வெள்ளியைத் தொட்டால் வெள்ளி கறுக்கும், கொலுசு கறுப்பதைப் போலத்தான். இந்தக் கந்தகம் பீரோவுக்குள்ளேயே இருக்கலாம். புடவையைக் கட்டிய ரப்பர் பேண்டு ஒரு காரணம். பக்கத்தில் அடுக்கிய கம்பளி ஸ்வெட்டர் இன்னொன்று. கம்பளியிலிருந்தும் கந்தகச் சேர்மங்கள் மெல்ல வெளிவரும். ஆகவே ஸ்வெட்டரையும் ஜரிகைப் புடவையையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். கட்டிய பிறகு அடிக்கும் சென்ட்டும் ஜரிகைக்குக் கெடுதல். சென்ட் போட்டு, அது காய்ந்தபின் புடவை கட்டுங்கள். கறுத்த ஜரிகையைப் புளி, எலுமிச்சை, பற்பசை கொண்டு தேய்ப்பது தவறு. முலாம் மிக மெல்லியது, கறுப்போடு அதுவும் போய்விடும். உலர்ந்த மல் துணியால் ஒற்றி எடுப்பதோடு நிறுத்தி, மேற்கொண்டு வேண்டுமானால் ஜரிகைக்கு மெருகு போடுபவரிடம் கொடுங்கள்.

கார்த்திகை விளக்கு எண்ணெய் புடவையில் பட்டிருந்தால் சோள மாவை அந்த இடத்தில் கனமாகத் தூவி, ஓர் இரவு விட்டு, காலையில் தட்டிவிடுங்கள். தேவைப்பட்டால் இன்னொரு முறை செய்யலாம். தண்ணீர் பட்டால் வட்டமாகத் திட்டு விழும்.

இனி ஸ்வெட்டர். முதலில் அது கம்பளிதானா என்று தெரிந்துகொள்ளுங்கள். உள்தையலிலிருந்து ஓர் இழையை எடுத்து, தொட்டிக்கு மேல் இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் வாடை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் கம்பளி. உருகிக் கெட்டி மணியாக நின்றால் அக்ரிலிக் என்ற செயற்கை இழை. சுத்தமான அக்ரிலிக்கை அந்துப்பூச்சி தின்னாது, அதற்கு உருண்டையே வேண்டாம்.

கம்பளியில் ஓட்டை போடுவது பறக்கும் பூச்சி அல்ல, அதன் புழு. வியர்வை படிந்த கழுத்துப்பட்டையும் அக்குளும் அதற்கு மிகப் பிடித்த இடங்கள். ஓட்டை கண்ட ஸ்வெட்டரின் தையல் இடுக்கெல்லாம் பிரஷ் போட்டு முட்டையை உதிர்த்துவிடுங்கள். பிறகு பிளாஸ்டிக் பையில் காற்றை அழுத்தி வெளியேற்றிக் கட்டி, மைனஸ் 18 டிகிரிக்கு இறங்கும் ஃபிரீசரில் ஒரு வாரம் வைத்தால் மிச்சமிருப்பதும் சாகும். வெளியே எடுத்த பையை உடனே பிரிக்காமல், குளிர் விட்டபின் பிரியுங்கள். இல்லாவிட்டால் துணி வியர்த்து நனையும்.

ஓட்டையைத் தைத்த பிறகுதான் துவைக்க வேண்டும், இல்லையென்றால் தண்ணீரில் பின்னல் ஓடிவிடும். அரை வாளி சாதாரணத் தண்ணீரில் கம்பளிக்கான திரவ சோப்பு ஒரு தேக்கரண்டி கலந்து, 10 நிமிடம் ஊறவைத்து, கையால் அமுக்கி அமுக்கி எடுங்கள். கசக்கினாலும் வெந்நீர் ஊற்றினாலும் கம்பளி இழையின் செதில்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு ஸ்வெட்டர் சுருங்கிவிடும். அந்தச் சுருக்கம் மீளாது. பிழியாமல் உலர்ந்த துண்டில் சுருட்டி நீரை ஒற்றி, கட்டிலில் விரித்த துண்டின் மேல் பரப்பி மின்விசிறிக் காற்றில் காயவிடுங்கள். கொடியில் தொங்கவிட்டால் நீரின் கனத்தில் முழங்கால் வரை நீண்டுவிடும்.

அந்துருண்டை நெடிக்குத் துவைப்பது அவ்வளவாகப் பலன் தராது. அந்துருண்டையில் உள்ள நாப்தலீன் தண்ணீரில் கரையாது, காற்றில்தான் ஆவியாகிப் போகும். மூன்று நாளிலிருந்து ஒரு வாரம் வரை நிழலில் காற்றோட்டமாகப் போட்டு வையுங்கள். பயணத்துக்கு முந்தைய நாள் பீரோவைத் திறப்பதில் இதுதான் சிக்கல். கைக்குழந்தையின் துணிகளோடு அந்துருண்டையை எந்த நாளும் வைக்காதீர்கள், தயவுசெய்து. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைக்கு அந்த ஆவியால் சிவப்பணுக்கள் உடைந்து கடும் மஞ்சள்காமாலை வரலாம். பல வீடுகளில் குழந்தைக்கு அந்தக் குறை இருப்பதே தெரியாது. அந்துருண்டையோடு கற்பூரம் சேர்ப்பதும் கூடாது. இரண்டும் கலந்தால் நம் ஊர் வெயிலுக்கே இளகி, துணியில் எண்ணெய்த் திட்டாக இறங்கும்.

திரும்ப வைக்கும்போது பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை நகர்த்தி, உள்ளே உலர்ந்த துணியால் துடைத்து, வெயில் அடிக்கும் நண்பகலில் இரண்டு மணி நேரம் திறந்து போடுங்கள். புடவையைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து, கஞ்சி போடாத பழைய பருத்தி வேட்டியில் சுற்றுங்கள்; கஞ்சி இருந்தால் ராமபாணப் பூச்சி தேடி வரும். நான்கு முனைகளிலும் வசம்புத் துண்டைத் துணியில் முடிந்து வைக்கலாம், நெடியும் குறைவு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள், ஜரிகை முதலில் முறிவது பழைய மடிப்பில்தான். கச்சேரி முடிந்து வந்த இரவு புடவையை மடித்து உள்ளே வைக்காதீர்கள். மின்விசிறிக்கு அடியில் விடியும்வரை தொங்கட்டும். ஊட்டியிலிருந்து வந்த ஸ்வெட்டரையும் துவைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு உள்ளே வையுங்கள்.