எண்ணெய் பர்னர் அடிக்கடி நின்றால் ரீசெட் பொத்தானை எத்தனை முறை அழுத்தலாம்?

மாசசூசெட்ஸில் பழைய வீடு வாங்கியிருக்கும் நீங்கள், வீட்டைச் சூடாக்க நிலவறையில் உள்ள எண்ணெய் பர்னர் இடையிடையே நின்றுவிடுவதாகவும், சிவப்பு ரீசெட் பொத்தானை இரண்டு மூன்று தடவை அழுத்தினால் மறுபடி ஓடுவதாகவும் எழுதி, ஆண்டுப் பராமரிப்பு அவசியம்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். இம்மாநிலத்தில் பர்னர் பழுதுபார்ப்பதே என் தொழில். பொத்தானை ஒரே ஒரு முறை அழுத்தலாம். மீண்டும் நின்றால் தொடவே கூடாது.

பம்பு எண்ணெயைச் சதுர அங்குலத்திற்கு 100 பவுண்டு, புதியவற்றில் 140 பவுண்டு அழுத்தத்தில் நாசில் என்னும் நுண்துளை முனை வழியாகப் பனிபோலத் தூவ, பத்தாயிரம் வோல்ட் தீப்பொறி அதைப் பற்றவைக்கிறது. சுடரின் ஒளியைக் கண்காணிக்கும் உணரிக்குச் சுடர் தென்படாவிட்டால், பழைய கட்டுப்பாட்டுப் பெட்டி சுமார் 45 நொடியிலும் புதியது 15 நொடியிலும் பர்னரை நிறுத்திவிடும். மணிக்கு முக்கால் காலன் தூவும் நாசில் 45 நொடியில் ஏறக்குறைய 35 மில்லிலிட்டர் எண்ணெயைக் கொட்டுகிறது. நீங்கள் அழுத்தும் ஒவ்வொரு முறையும் அத்தனை எண்ணெய் எரியாமல் பர்னரின் எரியறைக்குள் தேங்குகிறது. பிறகு எப்போதாவது தீப்பற்றும்போது அது மொத்தமாக வெடித்தெரிந்து, புகைக்குழாயைக் கழற்றியெறிந்து, வீடு முழுவதும் கரியைப் படியவைக்கும். அப்படிக் கரி படிந்த வீட்டில் திரைச்சீலையிலிருந்து துணி அலமாரி வரை எல்லாவற்றையும் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும்.

பர்னர் தானாக நிற்பதற்கு அடைபட்ட வடிகட்டி, தேய்ந்த நாசில், இடைவெளி மாறிய, தீப்பொறி தரும் மின்முனைகள், கரி படிந்த உணரி ஆகியவையே பெரும்பாலும் காரணம். இவை அனைத்தும் ஆண்டுப் பராமரிப்பில் மாற்றப்படுபவை, சரிசெய்யப்படுபவை அல்லது துடைக்கப்படுபவை என்பதால், குளிர்காலத்திற்கு முன்பே அதைச் செய்துவிடுவது நல்லது. பர்னர் சூடாக்கும் கொதிகலனின் உட்புறக் கரியைத் தூரிகையால் எடுத்துவிட்டுப் போவதோடு வேலை முடிந்துவிடாது. புகைக்குழாயில் சிறு துளையிட்டு, கைப்பம்பால் பத்து முறை புகையை வெள்ளைத் தாள் வழியாக இழுத்து, தாளில் விழும் கறையைப் பார்க்க வேண்டும்; கறை விழாமலோ, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலோ இருப்பதே சரியான எரிதல். கரியமில வாயுவின் அளவு, புகைபோக்கியின் இழுவை ஆகியவற்றையும் கருவி வைத்து அளக்காமல், சுடரின் நிறத்தை மட்டும் பார்த்துக் காற்றுத் திறப்பைத் திருப்புபவரை நம்பாதீர்கள்.

உங்கள் பங்கிற்குச் சில வேலைகள் உண்டு. டேங்கில் எண்ணெய் கால் பங்கிற்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்; முற்றிலும் தீர்ந்துவிட்டால் குழாயில் காற்று புகுந்து, பம்பிலிருந்து அதை வெளியேற்றினால்தான் பர்னர் ஓடும். அவசரத்திற்கு டீசலோ மண்ணெண்ணெயோ ஊற்றலாம். பெட்ரோலை ஒருபோதும் ஊற்றக் கூடாது. எண்ணெய் வாடையோ புகையோ வந்தால் நிலவறைப் படிக்கட்டின் மேலே இருக்கும் சிவப்பு சுவிட்சை அணைத்துவிட்டு வெளியேறுங்கள். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கை மணி ஒவ்வொரு தளத்திலும் இருக்கட்டும்.

பழைய வீடு என்பதால் இன்னொன்றும் பாருங்கள். டேங்கிலிருந்து வரும் செப்புக் குழாய் கான்கிரீட் தரைக்குள் நேரடியாகப் பதிந்திருந்தால், அதற்கு உறையோ, குழாய் கசிந்தால் எண்ணெய் ஓட்டத்தை நிறுத்தும் எண்ணெய்ப் பாதுகாப்பு வால்வோ 2011 செப்டம்பர் 30-க்குள் பொருத்தியிருக்க வேண்டும் என்பது இம்மாநிலச் சட்டம். வடிகட்டியை மாற்ற வருபவரிடமே அதையும் காட்டச் சொல்லுங்கள்.