பேச்சில் வில்லா, பத்திரத்தில் அப்பார்ட்மெண்ட்: கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு கேட்டட் கம்யூனிட்டியில் 'வில்லா' பேசி வைத்திருக்கிறோம். தனி வீடு, சுற்றிலும் காம்பவுண்டு சுவர். ஆனால் பத்திர நகலில் 'அப்பார்ட்மெண்ட்' என்றும், நிலம் 'பிரிக்கப்படாத பாகம் 1,100 சதுர அடி' என்றும் இருக்கிறது. இரண்டும் ஒன்றுதான் என்கிறார் புரோக்கர். கையெழுத்துப் போடலாமா?

பதில்: இப்போதைக்குப் போடாதீர்கள்.

வில்லா என்பது விளம்பரச் சொல். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டத்தில் (ரெரா) அதற்கு விளக்கமே கிடையாது. அப்பார்ட்மெண்ட்டுக்கு உண்டு, ஃபிளாட், யூனிட் என்று அடுக்கிக்கொண்டே போய், வேறு எந்தப் பெயரில் அழைத்தாலும் சேரும் என்கிறது. அதனால் பெயரை விடுங்கள், பத்திரத்தின் கடைசியில் உள்ள சொத்து விவரத்தைப் பாருங்கள்.

பெரும்பாலும் ஏ ஷெட்யூலில் மொத்த நிலம், பி-யில் உங்கள் பாகம், சி-யில் கட்டடம் என்று இருக்கும். நான்கு எல்லை ஏ-வுக்கு மட்டும் எழுதியிருந்தால், உங்கள் 1,100 சதுர அடி எது என்று பத்திரத்தை வைத்து யாராலும் காட்ட முடியாது. சுவர் உங்களைச் சுற்றி இருந்தாலும் அதற்குள் இருக்கும் மண் எல்லோருக்கும் பொது. நாளை மகனுக்காக ஒரு மாடி எழுப்ப நினைத்தால் மற்றவர்களின் சம்மதத்துக்கு அலைய வேண்டிவரும். 'தனிப் பட்டா பின்னாடி வந்துவிடும் சார்' என்று உங்களிடமும் சொல்லியிருப்பார்கள். இப்படி எழுதிய பத்திரத்துக்கு அது வராது.

பதிவு அலுவலகத்தில் கேட்க மாட்டார்களா என்றால், மாட்டார்கள். வழிகாட்டி மதிப்புக்கு ஏற்ற முத்திரைக் கட்டணம் வந்ததா என்று கூர்ந்து பார்ப்பார்கள், இதைப் பற்றிப் பேச மாட்டார்கள். லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் இடத்தில் 'நீங்கள் வாங்குவது தனி மனையா, பங்கா' என்று ஒரு வார்த்தை கேட்டால் எத்தனை குடும்பங்கள் தப்பிக்கும்!

அப்புறம், இந்த ப்ராஜெக்ட்டுக்கு ரெரா பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். 'சின்ன ப்ராஜெக்ட், பதிவு தேவையில்லை' என்று சொன்னால் உஷாராகுங்கள். நிலம் 500 சதுர மீட்டருக்கு மேல் போகாமல் இருந்தாலோ, வீடுகள் 8-க்கு மேல் போகாமல் இருந்தாலோதான் விலக்கு. 500 சதுர மீட்டர் என்பது இரண்டு கிரவுண்டுக்குச் சற்று அதிகம், அவ்வளவே. 40 வீட்டை எட்டு எட்டாகப் பிரித்து, 'இது முதல் கட்டம்' என்று காட்டுவது பழைய தந்திரம். எல்லாக் கட்டத்தையும் சேர்த்துத்தான் 8 என்று சட்டத்திலேயே இருக்கிறது. வாசலில் நின்று வீடுகளை எண்ணிப் பாருங்கள்.

ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கேட்டால் கொடுக்காதீர்கள்.

உங்கள் மனைக்குத் தனியாக அளவும் நான்கு எல்லையும் எழுதி, சாலைக்கும் பூங்காவுக்கும் மட்டும் பொதுப் பங்கு வைத்து நகலைத் திருத்தித் தரச் சொல்லுங்கள். மறுத்தால், வில்லா விலை கொடுக்க உங்களுக்கு எந்தக் காரணமும் இல்லை. 'வில்லா' என்று அச்சடித்த அந்த வண்ணத் தாளைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். பொய் விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டவர் இழப்பீடு கேட்க அதே சட்டத்தின் 12-வது பிரிவு இடம் தருகிறது.