ஷட்டவுன் கொடுத்தும் அணையாத கணினி

கேள்வி: எங்கள் வீட்டு டெஸ்க்டொப் ஐந்து வருடப் பழசு. விண்டோஸ் 10. பகல் முழுக்க நன்றாகத்தான் வேலை செய்கிறது. இரவில் ஷட்டவுன் கொடுத்தால் சில நாள் வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கும். பல நாள் திரை கறுத்துப்போகும், ஆனால் உள்ளே ஃபேன் சுற்றும், லைட் எரியும். மகன் பொறுமை இழந்து பிளக்கைப் பிடுங்கிவிடுகிறான். பக்கத்து வீட்டுத் தம்பி ஃபோர்மட் அடிக்கச் சொல்கிறார். அடிக்கத்தான் வேண்டுமா?
- வாசகி, கொக்குவில்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அதைவிட முதலில் பிளக் பிடுங்குவதை நிறுத்த வேண்டும். விண்டோஸ் தன் கோப்புறை அமைப்பைத் திடீர் மின்வெட்டிலிருந்து ஓரளவு காப்பாற்றிக்கொள்ளும். ஆனால் அந்த நேரத்தில் எழுதப்பட்டுக்கொண்டிருந்த கோப்புக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. கணினிப் பெட்டியின் முன்பக்கத்தில் டிஸ்க்குக்கு ஒரு சின்ன லைட் இருக்கும், அதைப் பாருங்கள். அது மினுங்கினால் உள்ளே வேலை நடக்கிறது. அப்டேட் ஏறுகிறதென்றால் அரை மணித்தியாலம்கூட எடுக்கும், விட்டுவிடுங்கள். நெடுநேரம் அசைவே இல்லையென்றால் மட்டும் பவர் பட்டனை அணையும்வரை அழுத்திப் பிடியுங்கள். கோப்புகளைப் பொறுத்தவரை இதுவும் பிளக் பிடுங்குவதும் ஒன்றுதான், அதனால் இதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எழுதியவை இரண்டு வேறு வேறு சங்கதிகள். வட்டம் சுற்றினால், மூட மறுக்கும் ஏதோ ஒரு மென்பொருளுக்காக அல்லது அப்டேட்டுக்காக விண்டோஸ் இன்னும் காத்திருக்கிறது. திரை கறுத்து ஃபேன் மட்டும் சுற்றினால், விண்டோஸ் பெரும்பாலும் தன் வேலையை முடித்துவிட்டது. மின்சாரத்தை நிறுத்தும் கடைசிக் கட்டத்தில்தான் சிக்கல். உங்களுக்கு அதிகம் வருவது இரண்டாவது என்பதால் அதையே முதலில் பிடிப்போம்.

இன்று இரவு ஷட்டவுனுக்குப் பதிலாக றீஸ்டார்ட் கொடுத்துப் பாருங்கள். அது தடங்கல் இல்லாமல் நடந்தால் எனக்கு ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் மீதுதான் சந்தேகம். 2012 இல் விண்டோஸ் 8 உடன் வந்த வசதி அது. ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக மூடாது. தன் உட்கருவின், அதாவது விண்டோஸின் மையப் பகுதியின், நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்து, அடுத்த நாள் அதையே திரும்ப எடுத்துக்கொள்ளும். றீஸ்டார்ட் கொடுத்தால்தான் முழுமையாக மூடித் திறக்கும். டாஸ்க் மனேஜரில் பெர்ஃபோமன்ஸ் பக்கத்தில் சிபியுவைத் தொட்டு, அப் டைம் என்பதைப் பாருங்கள். நேற்றிரவு ஒழுங்காக அணைந்திருந்தும் பல நாள் கணக்குக் காட்டினால், இந்த வசதி வேலை செய்கிறது என்று அர்த்தம்.

அப்புறம் ஷிப்ட் விசையை அழுத்திப் பிடித்தபடி ஷட்டவுனைக் கிளிக் செய்யுங்கள். அந்த ஒருமுறை மட்டும் முழு ஷட்டவுன் நடக்கும். மூன்று நான்கு இரவு இப்படிச் செய்து ஒழுங்காக அணைந்தால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிரந்தரமாக நிறுத்திவிடலாம். கன்ட்ரோல் பனலில் பவர் ஒப்ஷன்ஸ், அதன் இடப்பக்கத்தில் சூஸ் வட் த பவர் பட்டன்ஸ் டூ. அங்கே ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்புக்கான பெட்டி மங்கலாக, தொட முடியாமல் இருக்கும். பலர் இந்த இடத்தில் திரும்பி வந்துவிடுகிறார்கள். மேலே கேடயப் படம் போட்ட வரியை முதலில் கிளிக் செய்தால் பெட்டி திறக்கும். டிக்கை எடுத்துவிட்டுச் சேவ் செய்யுங்கள். காலையில் கணினி எழும்பச் சில செக்கன் கூடும், அவ்வளவுதான்.

ஷிப்ட் பிடித்தும் அணையவில்லையா? பின்பக்கம் செருகியிருக்கும் யூஎஸ்பி வயர்களைப் பாருங்கள். பிரிண்டர், இணைய டொங்கிள், வெளி டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, கீபோர்டையும் மவுஸையும் மட்டும் வைத்து ஷட்டவுன் கொடுங்கள். திருநெல்வேலியில் நான் பார்த்த ஒரு கணினியில் குற்றவாளி, ஒருவரும் பாவிக்காமல் செருகியபடியே விட்டிருந்த பழைய டொங்கிள். கழற்றியதும் ஐந்தாறு செக்கனில் அணைந்தது.

அதுவும் இல்லையென்றால் டிரைவர்தான், அதாவது கணினியின் பாகங்களை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள். மதர்போர்ட் தயாரிப்பாளரின் இணையதளத்திலிருந்து சிப்செட் டிரைவரையும், இன்டெல் கணினியென்றால் மனேஜ்மென்ட் எஞ்சின் டிரைவரையும் எடுத்துப் போடுங்கள். ஃபேன் மட்டும் சுற்றும் கோளாறுக்கு இந்த இரண்டாவது டிரைவர் பலமுறை காரணமாக இருந்திருக்கிறது. மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயோஸின் அப்டேட்டைக் கடைசிக்கு விடுங்கள். அதன் நடுவில் கறண்ட் போனால் மதர்போர்டே போய்விடலாம். நம்மூரில் நல்ல பற்றரியுள்ள யூபிஎஸ் இல்லாமல் அதில் கைவைக்கவே வேண்டாம்.

வட்டம் சுற்றும் நாட்களுக்கு, ஷட்டவுன் கொடுக்குமுன் எல்லாவற்றையும் நீங்களே மூடிப் பாருங்கள். இரண்டு அன்டிவைரஸ் இருந்தால் ஒன்றை நீக்குங்கள். விண்டோஸில் நடந்தவற்றைக் காட்டும் ஈவென்ட் வியூவரில், சிஸ்டம் பதிவுகளில் 6006 என்ற இலக்கம், விண்டோஸ் தன் நிகழ்வுப் பதிவேட்டை ஒழுங்காக மூடியதைச் சொல்லும். 6008 என்றால் எதிர்பாராமல் அணைந்தது. அந்தப் பதிவில் உள்ள நேரத்துக்குச் சற்று முன்னால் விழுந்த சிவப்புக் குறிகளில் பெரும்பாலும் ஒரு டிரைவரின் அல்லது மென்பொருளின் பெயர் இருக்கும்.

இதெல்லாம் செய்தும் சரிவராவிட்டால் தம்பியிடம் ஃபோர்மட்டுக்குக் கொடுங்கள். விண்டோஸ் 10 க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 இல் முடிந்துவிட்டதால், உங்கள் கணினி விண்டோஸ் 11 ஐ ஏற்குமா என்றும் கேளுங்கள். கொடுக்கும் முன் படங்களையும் பிள்ளைகளின் பாடக் கோப்புகளையும் வெளி டிஸ்க் ஒன்றில் எடுத்து, அதை வேறொரு கணினியில் செருகி நாலைந்து கோப்பைத் திறந்து பாருங்கள்.